அக்காவின் இலைக்கு வள்ளிக்கிழங்கு

1

போன வியாழக்கிழமை என் அக்கா மல்லிகாவுக்கு முதல் தெவசம். திருவண்ணாமலையில், கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலையில், அவள் வீட்டுக்காரர், என் மாமா, தன் வீட்டில் படையல் போட்டார். நான் போர்ச்சுக்கல் நாட்டின் தெற்கே, கடலோரச் சிற்றூர் ஒன்றில், என் வாடகை வீட்டில் ஓர் இலை போட்டேன்.

அக்கா செத்தபோது என்னால் போக முடியவில்லை. தெவசத்துக்கும் போக முடியவில்லை. அவளுக்குப் பிடித்த ஒன்றையாவது என் கையால் விளைவித்து அவள் இலையில் வைத்துவிட வேண்டும் என்று ஐந்து மாதமாக இதே நினைப்பாக இருந்தேன். அவளுக்கு உயிர் வள்ளிக்கிழங்கு. சிலர் சக்கரைவள்ளி என்பார்கள். எங்கள் பக்கம் வள்ளி என்றால் போதும்.

அந்தக் கிழங்கை இலையில் வைத்தேனா இல்லையா என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சின்ன விஷயம். ஆனால் இந்த நாட்டுக்கு வந்த எட்டு வருஷத்தில் இதைவிடப் பெரிதாக எனக்கு ஒன்றும் நடக்கவில்லை.

2

நான் எட்டாம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். அதன்பிறகு திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜில் ரூம் பாய், கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் கிளீனர், பெங்களூரில் டீக்கடை, துபாயில் கம்பி கட்டும் வேலை, போலந்தில் கோழி வெட்டுகிற ஆலை. எதிலும் நிலைத்ததில்லை. வேலை கஷ்டம் என்பதால் அல்ல. மூன்றாவது மாதம் வந்தால் கால் தானாகக் கிளம்பிவிடும். போலந்தில் இருந்தபோது போர்ச்சுக்கலில் தங்கி வேலை செய்ய கார்டு தருகிறார்கள் என்று ஒருவன் சொன்னான். மறுவாரம் இங்கே இருந்தேன்.

இங்கே ராஸ்ப்பெர்ரி என்கிற பழம் பறிக்கிறேன். பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் வரிசை வரிசையாகத் தொட்டிகள். தொட்டியில் மண் கிடையாது, தேங்காய் நார்க்கழிவுதான். முதல் வாரம் அந்த மூட்டையைப் பிரிக்கச் சொன்னார்கள். மூட்டைமேல் ஆங்கிலத்தில் பொள்ளாச்சி என்று அச்சடித்திருந்தது. நான் நாலு நாடு சுற்றி வந்து சேர்ந்த இடத்துக்கு அது ஒரே கப்பலில் வந்துவிட்டது.

செடிக்கு வயதானால் தொட்டியோடு பிடுங்கி ஓரமாகக் குவிப்பார்கள். மேஸ்திரியிடம் கேட்டு ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தரை. மண் என்று ஒரு பிடி கிடையாது. பழைய நார்க்கழிவோடு ஆற்றோரத்து மண்ணையும் ஆட்டெருவையும் கலந்து, தொட்டியின் அடியில் இன்னும் நாலு ஓட்டை போட்டு, முதலில் முள்ளங்கி விதைத்தேன். முள்ளங்கி ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். என்னைப் போன்றவனுக்குத் தோதான பயிர். பிறகு கேரட். ஆழம் போதாத தொட்டியில் கேரட் நேராக இறங்காது. தரை தட்டியதும் இரண்டு காலாகப் பிரிந்து உட்கார்ந்துகொள்ளும். கட்டையான ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும் என்பது மூன்றாவது தடவைதான் புரிந்தது. பீட்ரூட் தொந்தரவு செய்யாது. எரு ஜாஸ்தியானால் மட்டும் எல்லாம் இலையாகப் போய்விடும்.

இப்போது இருபத்திரண்டு தொட்டி இருக்கிறது. காலையில் வேலைக்குப் போகும் வேன் வருவதற்கு முன் தண்ணீர் ஊற்றுவேன். என் மனைவி சுமதி பழம் பேக்கிங் செய்யும் இடத்துக்குப் போகிறாள். மகள் தாரணிக்குப் பதினோரு வயது. அவள் எங்கள் இரண்டு பேருக்கும் முன்பே வீட்டைவிட்டுப் போய்விடுவாள்.

3

வள்ளி போட வைத்தது அக்காதான். ஏழு வருஷம் இருக்கும். கார்டுக்கு மூன்றாவது தடவையும் இழுத்தடித்தார்கள். நான் ஃபோனில் அழுதுவிட்டேன். இத்தாலிக்குப் போகிறேன், அங்கே ஒருவன் கூப்பிடுகிறான் என்று சொன்னேன். அந்த மாதம் ஊர்க்காரர்கள் இருபது பேர் சேர்ந்து ரயிலில் காசிக்குப் போனார்கள். அக்காவும் மாமாவும் போனார்கள். திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள்.

"டேய் தம்பி, முள்ளங்கி கேரட்லாம் போட்டது போதும். வள்ளி போடு."

"இங்க கடையிலயே கெடைக்குதுக்கா. இந்தப் பக்கம் அதுதான் ஜாஸ்தி."

"கடையில வாங்கறதுக்கு நான் இன்னாத்துக்கு உன்கிட்ட கத்திகினு இருக்கறேன்? போடுன்னா போடு. அஞ்சு மாசம் ஆவும். அது வரைக்கும் எங்கியும் போவக்கூடாது. கொடிய அம்போன்னு வுட்டுட்டுப் போனவன் உருப்படமாட்டான்."

"இது எந்த சாமி சொல்லிச்சு?"

"நான் சொல்றேன், போதாதா?"

கடையில் ஒரு கிழங்கு வாங்கி, பாதி தண்ணீரில் நிற்கும்படி டம்ளரில் வைத்து, முளைத்த கொடிகளைக் கிள்ளி நட்டேன். இத்தாலிக்காரனிடம் ஐந்து மாதம் கழித்து வருகிறேன் என்றேன். கொடி தொட்டியைத் தாண்டி ஓடியது. பக்கத்துத் தொட்டிகளில் எல்லாம் வேர்விட்டது. பெருமையாக ஃபோனில் காட்டினேன்.

"ஐயோ, தூக்கிவுடுடா. வாரத்துக்கு ஒருக்கா தூக்கிவுடணும். கொடி கண்ட எடத்துல வேர் வுட்டா ஒரு எடத்துலயும் கிழங்கு பருக்காது." கொஞ்சம் நிறுத்தி, "இன்னா, யாரையோ குத்திக் காட்றாப்ல இருக்குதா?" என்றாள்.

அந்த வருஷம் சுண்டுவிரல் பருமனில் நாலு கிழங்கு வந்தது. "இது இன்னா, எலி வாலா?" என்று மாமாவைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுவருஷமும் போட்டேன். அதற்குள் கார்டு வந்தது. இத்தாலிக்காரன் நம்பரை மாற்றிவிட்டான்.

4

கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்கு அது ஒருமுறை வாங்கினால் முடிந்தது என்று நினைப்பு. அப்படி இல்லை. அதற்கு ஆயுசு உண்டு. முடியும்போது புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க முதலில் ஆபீஸில் நேரம் வாங்க வேண்டும். நேரம் ஒதுக்குகிற இடத்தில் ஃபோனை எடுக்கமாட்டார்கள். எடுத்தால் ஒரு காகிதம் குறையும். அந்தக் காகிதம் வருவதற்குள் போன காகிதத்தின் தேதி முடிந்துவிடும். அவர்களையும் குறை சொல்ல முடியாது. கவுண்டரில் இரண்டு பேர், வெளியே நாங்கள் இருநூறு பேர்.

தாரணிக்கு ஒன்பது வயதானபோது அவளைத்தான் பேசுவதற்குக் கூட்டிக்கொண்டு போவேன். ஒருநாள் நாமும் இரண்டு வார்த்தை பேசுவோமே என்று, கவுண்டரில் இருந்த அம்மாவிடம் "போம் தியா, செனோரா" என்றேன். வணக்கம் அம்மா என்பதாக என் நினைப்பு. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்துக் கவுண்டரிலும் சிரித்தார்கள். தாரணி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ப்பா, நீ அவங்கள கேரட்னு கூப்ட்டுட்ட."

அம்மா என்றால் செஞோரா. செனோரா என்றால் கேரட். நம் மொழியிலேயே ஞ இருக்கிறது, நான் அதைப் பயன்படுத்தவில்லை. இத்தனை வருஷம் தொட்டியில் கேரட் போட்டு, விதைப் பாக்கெட்டில் அந்தப் பெயரைப் படித்துப் படித்து வந்த வினை.

அன்று காகிதத்தை வாங்கிக்கொண்டார்கள். சிரித்ததால்தான் வாங்கினார்கள் என்று சுமதி சொல்கிறாள். ஆனால் அடுத்த முறை கூப்பிட்டபோது தாரணி ஸ்கூல் இருக்கிறது என்றாள். அதற்கடுத்த முறையும் இருந்தது. என்னோடு கடைக்கு வந்தால் நாலடி தள்ளி நடக்கிறாள். கோபம் ஒன்றும் இல்லை. வீட்டில் அவள் பேசும் தமிழ் வருஷத்துக்கு வருஷம் கம்மியாகிறது. எங்களுக்குப் புரிய வேண்டியதை மட்டும் சொல்கிறாள், அவளுக்குத் தோன்றுவதைச் சொல்வதில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை காலை இங்கே பத்து மணிக்குக் கூப்பிடுவேன். அங்கே சாப்பாடு முடிந்திருக்கும். அக்கா முதலில் தாரணியைக் கேட்பாள். "ஹாய் அத்தை" என்று ஒரு முகம் ஃபோனைக் கடந்து போகும். அக்காவுக்கு அதுவே போதும். அவளுக்குப் பிள்ளை இல்லை. ஒருநாள் தாரணி நின்று தொட்டியைக் காட்டி "பத்தாத்த தோஸ், அத்தை" என்றாள். இந்த ஊர்க்காரர்கள் வள்ளிக்குச் சொல்லும் பெயர் அது.

"தோசையா? கிழங்குல தோசையா சுடறீங்க? உங்கம்மாளுக்கு நேரம் ஜாஸ்தி போலகீது."

தாரணிக்குப் புரியவில்லை. நான் விளக்குவதற்குள் உள்ளே போய்விட்டாள்.

அக்கா பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிறவர்களுக்கு வேகவைத்த வள்ளியும் கடலையும் விற்றாள். மதியமே அண்டாவை அடுப்பில் ஏற்றிவிடுவாள். ஏற்றும்போதே பாதிக் கிழங்கை அவள் தின்றுவிடுவாள் என்பது சின்ன வயதிலிருந்து நான் செய்த கேலி. உண்மையும் அதுதான். எங்கள் வீட்டில் கிழங்கு வெந்தால், அக்கா கண்ணில் படாமல் எடுத்து வைத்தால்தான் மற்றவர்களுக்குக் கிடைக்கும்.

அதனால் இங்கே கிழங்கு விளைந்த ஒவ்வொரு வருஷமும் பழி தீர்த்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வேகவைத்து, தட்டோடு ஃபோன் முன்னால் உட்கார்ந்து, தோலை மெதுவாக உரிப்பேன். உள்ளே மஞ்சளாக ஆவி பறக்கும்.

"பாத்தியாக்கா. உனக்குக் கெடையாது."

"தின்னு, தின்னு. தொண்டையில அடைச்சிக்கப் போவுது."

"ஆ காட்டு, ஒரு வாய் தரேன்."

"சீ, போடா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். பிறகு விசாரிப்பாள். நார் இருக்கிறதா, மாவாக இருக்கிறதா, ஊர்க் கிழங்கு அளவுக்கு இனிக்குமா. நான் ரசித்து ரசித்துச் சொல்வேன். சில நாள் இல்லாததையும் சேர்த்துச் சொல்வேன்.

இந்த எட்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை ஊருக்குப் போனேன், சுமதியையும் தாரணியையும் அழைத்துவர. அன்று அக்கா அண்டா நிறைய வேகவைத்திருந்தாள். எனக்கு எடுத்துத் தந்தாள். நீயும் சாப்பிடு என்றேன். "வித்து வித்து சலிச்சுப் போச்சுடா" என்றாள். அடுப்பங்கரையில் எதிர் வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, "இனிப்பு எப்படி, பாத்துச் சொல்லு" என்று அவள் வாயில் ஒரு துண்டு வைத்தாள். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. ஊருக்குப் போனவனுக்குப் பார்க்க வேறு எத்தனையோ இருந்தது.

6

போன ஐப்பசியில் அக்கா காய்ச்சல் என்று படுத்தாள். நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஐந்தாம் நாள் காலையில் மாமா ஃபோன் செய்து, "மச்சான், முடிஞ்சிபோச்சு" என்றார்.

என் கார்டு அப்போது தேதி முடிந்து புதுப்பிப்பதில் இருந்தது. வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. போனவர்களில் திரும்பியவர்களும் உண்டு, மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. சுமதி, "நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். நான் போகவில்லை. யாரும் தடுக்கவில்லை, நான்தான் போகவில்லை. ஃபோனில் பார்த்தேன். மழையில் ஃபோனைப் பிடித்திருந்தவன் கை ஆடிக்கொண்டே இருந்தது. அவள் முகம் நன்றாகத் தெரிந்தது ஒருமுறைதான்.

அந்தச் சமயத்தில் தொட்டிகளில் கிழங்கு முற்றியிருந்தது. தோண்டவில்லை. மழையில் அழுகிப்போயிற்று. ஒரு தொட்டியில் மட்டும் கொடி தப்பியது. அதைச் சமையலறை ஜன்னலில் வைத்துக் குளிர்காலத்தைத் தாண்டி, வைகாசியில் ஆறு தொட்டிகளில் நட்டேன். வாரம் தவறாமல் தூக்கிவிட்டேன். கார்டு இன்னும் வரவில்லை. தெவசத்துக்குப் போக முடியாது என்பது ஆடியிலேயே தெரிந்துவிட்டது. கிழங்காவது போய்ச் சேரட்டும் என்று நினைத்தேன்.

புதன்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, காலையில் ஆறு தொட்டியையும் சிமெண்ட் தரையில் கவிழ்த்தேன். நல்ல கிழங்கு. முன்கை நீளத்தில்கூட இரண்டு இருந்தது. மூன்று கிலோவுக்குக் குறையாது. தாரணி வாசலில் நின்று பார்த்தாள். பிறகு வந்து மண்ணைத் தட்டி ஒவ்வொன்றாகக் கூடையில் போட்டாள். ரொம்ப நாள் கழித்து என்னோடு ஒரு வேலை செய்தாள்.

7

மத்தியானம் மாமாவைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம்.

"நாளைக்கு இன்னா இன்னா வெக்கறீங்க மாமா?"

"சோறு, சாம்பாரு, வடை, பாயசம், வாழக்கா பொரியல். அப்புறம் அவ போடற வெத்தல பாக்கு. நீ?"

"அதேதான் மாமா. கேரட்டு பீட்ரூட்டு நம்ம தொட்டிது. அப்புறம் வள்ளி. இந்தத் தடவ மூணு கிலோ தேறிச்சு. அதுதான் மொதல்ல வெக்கப்போறேன்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"வள்ளி வெக்காத மச்சான்."

"ஏன் மாமா? அவளுக்கு உசுராச்சே."

"அதான். காசியில வுட்டுட்டா."

காசிக்குப் போகிறவர்கள் கங்கையில் மூழ்கி எழுந்து ஒரு காயையும் ஒரு பழத்தையும் விட்டுவிட்டு வர வேண்டும். அதன்பிறகு சாகும்வரை அதைத் தொடக்கூடாது. எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். எல்லோரும் பிடிக்காததைப் பார்த்து விடுவார்கள் என்பதும் தெரிந்ததுதான்.

"கூட வந்ததுங்க எல்லாம் பாவக்கா பாவக்கானு சொல்லிச்சுங்க. அன்னிக்கு கங்கையில பாவக்காயா மெதந்துச்சு. இவ முறை வந்துச்சு, வள்ளிக்கெழங்குன்னா. ஐயரு முழிக்கறாரு. காய்தானம்மா கேட்டேன், கெழங்கு காயில சேருமான்றாரு. இவ வுடல. சேத்துக்கோங்க சாமின்றா."

மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கேட்டேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னா. தெரிஞ்சா கொடிய புடுங்கிப் போட்டுட்டுக் கெளம்பிடுவ, அப்புறம் அவளுக்குப் பாக்கறதுக்கும் இருக்காதுன்னா. நீ கார்டு கெடைக்கலனு அழுத பாரு, அதுக்குதான் வுட்டா."

எனக்கு அந்தத் தட்டுதான் ஞாபகம் வந்தது. ஆ காட்டு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அவள் ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை.

"அதுக்கு வேண்டுதல் வெச்சிருக்கலாமே மாமா. கார்டு வந்தா முடிஞ்சிருக்கும். அவளும் தின்னிருப்பா."

"நானும் அதத்தான் கேட்டேன். வேண்டுதல் வெச்சா முடிஞ்சிபோவும். முடிஞ்சா இவன் மறுபடி கெளம்பிடுவான். முடியாததா இருக்கட்டும்னா."

அவர் வீட்டு டிவி சத்தம் கேட்டது.

"செத்தப்புறமுமா மாமா? செத்தவங்களுக்கு இன்னா விரதம்?"

"எனக்கு மட்டும் தெரியுமா? கோயில் ஐயர கேட்டேன், வெக்கலாம், தப்பில்லன்னாரு. எதிர்வூட்டு அம்மா வெக்கவே கூடாதுங்குது. நான் ஒரு வாரம் யோசிச்சேன். அவ உனக்காக வுட்டத எடுத்து நாமளே இலையில வெச்சா, நீ வுட்டது வேணாம், இந்தா வெச்சிக்கோன்னு அவகிட்டயே திருப்பித் தர்ற மாதிரி. எனக்கு மனசு வரல. நான் வெக்கல. நீ உன் இஷ்டம்."

8

இங்கே வாழையிலை கடையில் கிடைக்காது. வீட்டுக்காரம்மா தோட்டத்தில் அழகுக்கு வைத்திருக்கும் வாழையில் கேட்டு ஒன்று அறுத்தேன். செஞோரா என்று சரியாகத்தான் சொன்னேன்.

வியாழக்கிழமை சுமதியும் லீவு போட்டாள். தாரணிக்கு அந்த வாரம் ஸ்கூல் இல்லை. சுமதி சமைத்தாள். கிழங்கைக் கழுவிப் பாத்திரத்தில் போட்டு வைத்திருந்தேன். அடுப்பில் ஏற்றவில்லை. ஏற்றட்டுமா என்று சுமதி கேட்டாள். இரண்டாவது தடவையும் கேட்டாள். வேண்டாம் என்றேன். ஐந்து மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை மூடி ஓரமாக வைத்தேன்.

அக்கா படத்துக்கு முன்னால் இலையைப் போட்டு சோறு, சாம்பார், வடை, பாயசம், கேரட் பொரியல், பீட்ரூட், வாழைக்காய் எல்லாம் பரிமாறினோம். இலையின் வலது மூலையில் கைப்பிடி அளவு இடம் விட்டேன். தாரணி பச்சடிக் கிண்ணத்தோடு வந்தாள்.

"ப்பா, இங்க ஒண்ணுமே வெக்கல."

"அது அப்படியே இருக்கட்டும்."

"நேத்து எடுத்தோமே, அது வெக்கலயா?"

"அத்தை அத காசியில விட்டுட்டாங்க."

அவள் யோசித்தாள். போன மாதம் அவள் தன் குடையை ஸ்கூல் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்து சுமதியிடம் திட்டு வாங்கியவள். அவளுக்குத் தெரிந்த 'விட்டுட்டாங்க' அதுதான்.

"மறந்துட்டாங்களா?"

"இல்ல. தெரிஞ்சேதான்."

"அப்போ திரும்பிப் போய் எடுக்கலயா?"

"இல்ல."

"ஏன், ரொம்பத் தூரமா?"

"தூரம்தான்."

படத்தைப் பார்த்தாள். இலையைப் பார்த்தாள்.

"இவ்ளோ நாள்ல அது கெட்டுப் போயிருக்குமே ப்பா."

"போவாது" என்றேன்.

அவள் அந்த இடத்தில் விழாதபடி பச்சடியை இலையின் மறுபக்கத்தில் ஒரு கரண்டி வைத்தாள். கொஞ்சம் நகர்ந்து வந்திருந்த பீட்ரூட்டை விரலால் மெதுவாக உள்ளே தள்ளிவிட்டாள்.